எழுபத்திரண்டு தவளைகள்

அவளைவிட நான் நன்றாக வரைவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள். பொறாமையில்தான் சொல்கிறேன், ஆனால் அதற்காக அது பொய்யாகிவிடாது. எங்களோடு விலங்கியல் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்காவது தேடிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, இவங்க உங்க கூடப் படிச்சவங்களா?" என்று என்னிடமே வந்து வியப்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பு கிடையாது. வகுப்பில் எல்லோரும் அவளைப் பர்மா என்று கூப்பிட்டோம். ரங்கூனில் பிறந்தவள். அங்கே இருந்த தமிழர்கள் கிளம்பி வரவேண்டி வந்தபோது, சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்து சேர்ந்தவள். பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். அப்பா குடை ரிப்பேர் கடை வைத்திருந்தார். அக்கா நர்ஸ் வேலைக்கு லண்டன் போயிருந்தாள். நான் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, பள்ளிக்கூட வாத்தியார் பெண். கல்லூரியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே தவளை.

விலங்கியல் படித்தவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு என்றால் என்னவென்று தெரியும். அறுத்துப் பார்த்ததை எல்லாம் அதில் வரைந்து, கோடு இழுத்து, பாகங்களைக் குறித்து, பேராசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என் நோட்டைத்தான் வகுப்பே பார்த்து வரையும். இடது கையை அணை மாதிரி தாளின் மேல் வளைத்து வைத்துக்கொண்டு, பென்சிலை நுனியில் பிடித்து நான் வரைய ஆரம்பித்தால், பின்னால் நாலு பேர் வந்து நிற்பார்கள். பேராசிரியை என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இதைப் பாருங்க, அச்சு மாதிரி இருக்கு" என்பார். அவள் வரைந்தது கோணல்மாணலாக இருக்கும். கரப்பான்பூச்சிக்கு ஒரு பக்கம் மூன்று கால், மறுபக்கம் இரண்டு. கேட்டால், "மூணாவது கால் இப்ப மடிஞ்சிருக்குடி, அடுத்த செகண்டு வெளிய வரும்" என்பாள்.

ஒரு தடவை பார்த்து வரைவதற்கு என் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் போனாள். திருப்பித் தந்தபோது ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் கடுகளவு ஏதோ கிறுக்கியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவளே நோட்டை வாங்கி, கட்டைவிரலால் பக்கங்களைச் சர்ரென்று ஓடவிட்டாள். மூலையில் ஒரு தலைப்பிரட்டை நீந்தியது. கால் முளைத்தது. வால் சுருங்கியது. தவளையாகி, கொஞ்சம் யோசித்து, ஒரே தாவலில் நோட்டை விட்டே வெளியே போய்விட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"முன்னங்காலுக்கு நாலு விரல். நீ மூணு போட்டிருக்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். பிறகு ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாக அழித்தேன். வெளியிலிருந்து பரீட்சைக்கு வருகிறவர் பார்த்தால் மார்க் குறையும் என்று அவளிடம் காரணம் சொன்னேன். அவள் அதை நம்பினாள், அல்லது நம்பியதுபோல் இருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. எதை வரைந்தாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டி, எப்படி இருக்கு என்று கேட்பாள். மற்றவர்கள் கைதட்டிச் சிரித்தாலும் அவளுக்குப் போதாது. "உனக்குத்தான்டி வரையத் தெரியும். நீ நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் கணக்கு" என்பாள். நான் ஏதாவது ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வேன். தப்பு எப்போதும் இருக்கும், அது எனக்கு வசதியாக இருந்தது. நல்லா இருக்கு என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று இப்போது கேட்கலாம். அப்போது எல்லாமே குறைந்து போய்விடும் போலிருந்தது.

அவளோடு பேசுவதே ஒரு அவஸ்தை. நேற்று அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டார்கள், இன்று சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால், "நடுவுல?" என்பாள். நடுவுல என்ன, ஒன்றுமில்லை, தூங்கினார்கள் என்றால் விடமாட்டாள். யார் முதலில் பேசினது, காப்பியை மேஜையில் வைத்தார்களா, கையில் கொடுத்தார்களா, கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தார்களா என்று குடைந்து எடுப்பாள். ஆரம்பமும் முடிவும் அவளுக்கு வேண்டாம். கேட்டால், "ரங்கூன்ல ஒரு வீடு இருந்துச்சு, இங்க ஒரு வீடு இருக்கு. ரெண்டும் எனக்கு அவ்வளவா மனசுல இல்லடி. நடுவுல கப்பல்ல இருந்தோம் பாரு, அதுதான் அப்படியே இருக்கு. எங்கம்மா படியில ஏறும்போது மூணு தடவ திரும்பிப் பாத்தாங்க. மூணாவது தடவ கழுத்து முழுசா திரும்பல" என்றாள். நான் அந்த மாதிரி எதையும் இழந்தவள் இல்லை. அதற்குக்கூட அவள்மேல் ஒரு கணம் பொறாமைப்பட்டேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது.

ஒரு நாள் மத்தியானம் வகுப்பு இல்லை. "வா, ஒரு வேடிக்கை காட்டுறேன்" என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பொன்மலைக்குக் கூட்டிப் போனாள். ரயில்வே ஒர்க் ஷாப் வாசல். ஷிப்டு விட்டுச் சங்கு ஊதியதும் நூற்றுக்கணக்கான ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இவள் ஒரு மரத்தடியில் நின்று அவர்கள் சைக்கிளில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சிவப்புத் துண்டு பாரு, மூணு தத்தல் போட்டு ஏறுறாரு. பக்கத்துல கண்ணாடி போட்டவரு ஒரே தத்தல். அதோ அவரு ஏறவே மாட்டாரு பாரு, தள்ளிக்கிட்டே போவாரு. வீட்டுக்குப் போகப் பிடிக்கல" என்றாள். அவர் நிஜமாகவே தள்ளிக்கொண்டேதான் போனார். இரண்டு காலேஜ் பெண்கள் நின்று ஆண்பிள்ளைகளின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் நான் வீடு போய்ச் சேருவதற்குள் அப்பா காதுக்குப் போய்விட்டது. "பொன்மலையில நோக்கென்ன ஜோலி?" என்று கேட்டார். சைக்கிள் ஏறுவதைப் பார்த்தோம் என்றால் எந்த அப்பா நம்புவார்?

ஆனால் அதே அப்பா அவளிடம் மயங்கிய நாளும் உண்டு. எங்கள் ஊரில் பெருமாள் வீதி புறப்பாட்டில் நடையழகுதான் பிரதானம். பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகள் எல்லோரும் ஒரே அடியாக வைத்து, சிங்கம் மாதிரி, யானை மாதிரி, பாம்பு மாதிரி என்று ஒவ்வொரு கதியில் நடப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஒரு உற்சவத்துக்கு அவள் வந்திருந்தாள். வீதியில் அத்தனை பேரும் தலைக்குமேல் கைகூப்பிக்கொண்டு நிற்க, இவள் குனிந்து தாங்கிகளின் முழங்காலையும் தோளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா என் காதில், "எல்லாரும் பெருமாளை சேவிக்கறா. இவ என்னடி காலைப் பாத்துண்டு நிக்கறா?" என்றாள்.

புறப்பாடு தாண்டிப் போனதும் அவள் அப்பாவிடம் வந்தாள். "ஐயா, பெருமாள் அசையவே இல்ல. ஆனா நடக்குறாரு. கிளம்புறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு, அப்புறம் சும்மா கொஞ்ச நேரம் நின்னாங்கல்ல, அங்கதான் உயிர் வருதுங்க. அந்த நிக்கிறது இல்லன்னா அடுத்த அடி வெறும் அடிதான்" என்றாள்.

அப்பா அசந்து போனார். "பேஷ்! பாலக்கரையிலேர்ந்து வந்து இந்தக் குழந்தை சொல்றது பாரு. நீ இத்தனை வருஷமா பாக்கறயே, நோக்கு இது தோணித்தோ?" என்று என்னைக் கேட்டார்.

தோன்றவில்லை. என் வீதி, என் பெருமாள், என் அப்பா. அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

கடைசி வருஷத்தில் அவளுடைய அக்கா லண்டனிலிருந்து எழுதினாள். அங்கே ஒரு ஓவியக் கல்லூரியில் படங்களை அசைய வைக்கும் கலையைச் சொல்லித் தருகிறார்களாம். தங்குவதற்குத் தன் வீடு இருக்கிறது, இடம் மட்டும் கிடைத்தால் போதும், செய்த வேலை எதையாவது அனுப்பு என்று எழுதியிருந்தாள். இவள் செய்த வேலை எங்கே இருக்கிறது? நோட்டு மூலைகளில் இருந்தது, அதையும் நான் ரப்பர் போட்டாயிற்று. பக்கத்துக் கல்லூரியில் பௌதிகம் நடத்திய ஒரு பாதிரியாரிடம் சின்ன சினிமா கேமரா இருந்தது. கிறிஸ்துமஸ் விழாவைப் படம் எடுப்பதற்கு வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தருவதாக ஒப்புக்கொண்டார். பிலிம் ஒரே ஒரு சுருள். அதைக் கழுவ பம்பாய்க்கு அனுப்ப வேண்டும்.

ஒரு மாதம் உட்கார்ந்து எழுபத்திரண்டு தவளை வரைந்தாள். உட்கார்ந்திருக்கும் தவளை எழுந்து குதித்து மறுபடி உட்கார வேண்டும், அவ்வளவுதான் கதை. ஓட்டினால் பத்து வினாடிகூட வராது. பென்சில் கோடு பிலிமில் விழாது, கறுப்பு மையில் எடுக்க வேண்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அவள் மையைத் தொட்டால் தாளெல்லாம் திட்டாகிவிடும். அதனால் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள்.

"உன் கைதான்டி வேணும். மேல பட்டர் பேப்பர் வெச்சு அப்படியே எடுத்துக் குடு. நான் போட்ட மாதிரியே" என்றாள். தாள் நகராமல் இருக்க இரண்டு ஆணி அடித்த பலகை ஒன்றையும் அவள் அப்பா செய்து கொடுத்திருந்தார்.

பத்து நாள் லீவு. மாடி அறையில் ஜன்னலோரம் மேஜையைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வரைந்திருந்த தவளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் சகிக்காது. குதிக்கும்போது ரப்பர் மாதிரி நீண்டு, உடம்பு ஒரு முழம் இழுபட்டிருந்தது. தரையில் விழும்போது தோசை மாதிரி சப்பையாகிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் எட்டோ ஒன்பதோ தாளில் ஏறக்குறைய ஒரே படம், மயிரிழை சாய்ந்து சாய்ந்து. எந்தத் தவளைக்கு இப்படி உடம்பு இருக்கிறது? நான் தவளையை அறுத்துப் பார்த்தவள், எலும்பு எண்ணிப் பார்த்தவள். நீண்டதைச் சரியான அளவுக்குக் குறைத்தேன். சப்பையை நிமிர்த்தினேன். சாய்ந்ததை நேராக்கினேன். நாலு விரல் போட்டேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்றுதான் தோன்றும். ஆனால் பன்னிரண்டு தாள் முடிந்ததும் நான் ஒன்று செய்தேன். என் பன்னிரண்டையும் அடுக்கிப் புரட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை, ஒரு அழகான தவளை தாளுக்குத் தாள் இடம் மாறியது, அவ்வளவுதான். பிறகு அவளுடைய பென்சில் தாள்கள் எழுபத்திரண்டையும் எடுத்துப் புரட்டினேன். தவளை இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் நின்றது. எங்கள் வீதியில் பெருமாள் கிளம்புவதற்கு முன்னால் நிற்கும் அதே நிற்பு. பிறகு தாவியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர்கூட வந்தது என்று நினைக்கிறேன்.

அதைப் பார்த்த பிறகு மீதி அறுபது தவளைகளையும் நான் திருத்தினேன். தெரிந்தே திருத்தினேன். முதல் பன்னிரண்டைவிட இன்னும் கவனமாக, இன்னும் சுத்தமாக.

நான் மையில் எடுத்ததையும் தன் பென்சில் தாள்களையும் வாங்கிக்கொண்டு போனபோது அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மை கலைந்துவிடப் போகிறது என்று நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்தார்கள். சுருள் பம்பாய் போய்த் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. பாதிரியாரின் அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, சுவரில் ஓட்டினார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். சுவரில் என் தவளை வந்தது. உட்கார்ந்திருந்தது. பிறகு இன்னொரு இடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் தடவை ஓட்டினார். அதேதான்.

"கேமரா ஸ்பீடுல ஏதோ கோளாறு போலிருக்கும்மா. என் தப்புதான்" என்றார் பாதிரியார். நல்ல மனுஷர்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் தவளை ரொம்ப அழகா இருக்குடி. ஒரு இடத்துலகூடப் பிசிறு இல்ல" என்றாள். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இருட்டில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. இனி அவள் எங்கும் போகப்போவதில்லை என்ற நிம்மதி.

போனாள். திருத்தாத பென்சில் தாள்களைத்தான் அனுப்பினாள். குடைத் துணி தைக்கும் நூலால் அவள் அப்பா அதைக் கெட்டியான புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டைவிரலால் புரட்டிப் பார்த்துவிட்டு லண்டனில் இடம் கொடுத்துவிட்டார்கள். ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டி ஏற்றிவிட நானும் போயிருந்தேன். வண்டி நகரும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது சொல்லுடி. என் தவளை எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு" என்றேன்.

போட்டாள். வருஷத்துக்கு மூன்று நாலு வரும். முதல் வருஷங்களில் படிக்க எனக்கு இதமாக இருந்தது. படிப்பு முடிந்து ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். குழந்தைகள் பார்க்கும் டி.வி. படத்துக்குக் கண்ணாடித் தாளின் பின்பக்கம் வர்ணம் அடிக்கும் வேலை. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு கரடியின் வயிற்றுக்கு மட்டும் பழுப்பு வர்ணம் அடித்தாளாம். "இங்க யாருக்கும் என் பேரு வாயில நுழையல. இந்தியான்னு கூப்பிடுறாங்க. அங்க பர்மா, இங்க இந்தியா. எங்கேர்ந்து வந்தேனோ அந்த ஊர்ப் பேரைத்தான் எனக்கு வெக்கிறாங்க" என்று எழுதியிருந்தாள். நான் அதற்குள் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சராகிவிட்டேன். கரும்பலகையில் நான் போடும் தவளையை அழிக்க மனசு வராமல் அடுத்த டீச்சர் ஓரத்தில் பாடம் எழுதுவார். கரடி வயிற்றுக்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கடிதம். "இங்க ஒரு வேலை இருக்கு தெரியுமா? பெரிய ஆர்ட்டிஸ்ட் முதல் படமும் கடைசிப் படமும் போடுவாரு. நடுவுல வர்றதை எல்லாம் நாங்க போடணும். நடுவுல வர்றதுக்குன்னே ஆள் வெச்சிருக்காங்கடி! என்னை அதுல போட்டுட்டாங்க!" அந்த ஆச்சரியக்குறிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் எல்லோரையும் அவள் குடைந்து எடுத்த ஒரு பைத்தியக்காரத்தனத்துக்கு உலகத்தில் ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்கள். என் சுத்தமான கோட்டுக்கு யாரும் எங்கேயும் நாற்காலி போடவில்லை.

அதற்கப்புறம் அவள் ஏறிக்கொண்டே போனாள். விளம்பரப் படங்கள் செய்தாள், தேயிலைப் பாக்கெட் குனிந்து வணக்கம் சொல்வதுபோல. எண்பதுகள் பிறந்ததும் அந்த ஊரில் பாட்டுக்காரர்கள் எல்லோரும் பாட்டுக்குப் படம் எடுத்து டி.வி.யில் போட ஆரம்பித்தார்கள். ஒரு குழுவில் பாடுகிறவனுக்கும் கிதார் வாசிக்கிறவனுக்கும் சண்டை, இரண்டு பேரும் ஒரே அறைக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். "அதனால ரெண்டு பேரையும் வரைஞ்சுட்டேன். வரைஞ்ச ஆளுங்க சொன்ன பேச்சு கேப்பாங்க" என்று எழுதியிருந்தாள். அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு போனதாம். அதிலிருந்து வரிசையாகப் பாட்டுகள். இவள் டைரக்டர், இவளுக்குக் கீழே பத்துப் பேர். ஒரு பேப்பர் கட்டிங் அனுப்பியிருந்தாள். கிராப் வெட்டிக்கொண்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஏதோ பரிசோடு நின்றாள். என் கணவரிடம் காட்டினேன். "பாட்டு மட்டும்தானா? மீதிப் படம் எப்போ எடுப்பாளாம்?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார், ஆனால் ஒரு வாரத்துக்கு அவரிடம் நான் மிகவும் பிரியமாக இருந்தேன்.

என் பதில் கடிதங்களில் எல்லாம் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் மழை, காவிரியில் தண்ணீர், எனக்குப் பெண் பிறந்தது, அப்பா காலமானார். அவள் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. அவளும் சளைக்காமல் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், "ஒரு நாள் நீ என் படத்தைப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும்" என்று எழுதுவாள். பார்க்க வழியில்லை என்ற சமாதானம் எனக்கு இருந்தது.

அந்தச் சமாதானமும் ஒரு நாள் போயிற்று. அவள் அக்காவோடு வேலை செய்த ஒரு நர்ஸ் கிறிஸ்துமஸுக்குப் பாலக்கரை வந்தபோது ஒரு வீடியோ காசெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கூட ஒரு சீட்டு. "இது புதுசு. பாத்துட்டு எப்படி இருக்குன்னு மட்டும் எழுது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துவந்தார். என் நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர்கள், குழந்தைகள் என்று கூடம் நிறைந்துவிட்டது. முதலில் காசெட்டைப் போட்டுவிடலாம், அப்புறம் சினிமா பார்க்கலாம் என்றார்கள். புரியாத இங்கிலீஷில் ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது. திரையில் எல்லாமே வரைந்த படம். ஒரு மேஜை. அதில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து வரைகிறாள். நீளப் பின்னல். இடது கையைத் தாளின்மேல் அணை மாதிரி வளைத்து வைத்திருக்கிறாள்.

"மன்னி! இது நீங்கதானே?" என்று நாத்தனார் கத்தினாள். "அந்தக் கையைப் பாருங்கோ! பென்சில் பிடிக்கறதைப் பாருங்கோ! அப்படியே மன்னி!" கூடமே கைதட்டியது. என் பெண் வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக ஒரு குருவி உள்ளே வருகிறது. கோணல்மாணலான குருவி. மேஜையைச் சுற்றிப் பறக்கிறது. அந்தப் பெண் அதைப் பார்த்து ஆசையாகச் சிரிக்கிறாள். கைநீட்டி, பென்சிலால் அதன் சிறகைச் சரிசெய்கிறாள். குருவி அழகாகிவிடுகிறது, நின்றுவிடுகிறது. நடு ஆகாயத்தில் அப்படியே. பிறகு ஒரு பூனை வருகிறது, ஒரு படகு வருகிறது, சைக்கிளில் ஒரு ஆள் வருகிறார். ஒவ்வொன்றையும் அவள் திருத்துகிறாள். ஒவ்வொன்றும் அச்சு மாதிரி ஆகி அசைவற்று நிற்கிறது. கடைசியில் அறை முழுக்க அழகழகான செத்த படங்கள். பாட்டு ஓய்ந்துவிட்டது. அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றுமே செய்யவில்லை, மூச்சு மட்டும் விடுகிறாள். மார்பு மெல்ல ஏறி இறங்குகிறது, தோள் கொஞ்சம் தாழ்கிறது, ஒரு தடவை எச்சில் விழுங்குகிறாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"எவ்வளவு பெரிய கௌரவம்! லண்டன்ல உன்னைப் படமா போட்டிருக்கா!" என்றார் என் கணவர். எனக்கு மட்டும் தெரியும், அவள் என்னைப் பிடித்துவிட்டாள். எத்தனை லட்சம் பேர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டாள், யாருக்கும் தெரியாமல். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபம் இல்லை. குழந்தையை இறக்கிவிட்டு, தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்தேன். கண்ணை மூடினால் அந்த மூச்சுதான். கொடுமைக்காரி என்று அந்தப் பெண்ணை வரையாமல், பாவம் என்றும் வரையாமல், உயிரோடு வரைந்திருந்தாள். எனக்கு ஆயுசுக்கும் வராத ஒன்றைக் கொண்டு என்னையே வரைந்திருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வெளிநாட்டுக்கு எழுதும் நீலக் கடிதம் ஒன்று வாங்கிவந்து எழுதினேன். தவளைகளைத் தெரியாமல் திருத்தவில்லை, பன்னிரண்டாவது தாளிலேயே தெரியும், மீதி அறுபதையும் நீ போகக்கூடாது என்றுதான் செய்தேன், என்னை மன்னித்துவிடு என்று எழுதினேன். கை தடையில்லாமல் ஓடியது. மூன்று மடிப்பும் நிறைந்துவிட்டது. ஒட்டி, தபாலில் போட்டுவிட்டு வந்தபோது மனசு லேசாக இருந்தது. இதைவிடப் பெரிதாக ஒரு மனுஷி என்ன செய்துவிட முடியும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. அவள் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான்.

"அது தெரிஞ்ச கதைதானேடி. அன்னைக்குச் சுவத்துல பாத்தப்பவே தெரியும். படம் எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லவே இல்லையே."

நல்ல பேனாவாக எடுத்து வைத்துக்கொண்டு அன்றே உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்கும்போது ஓடிய கை இதற்கு ஓடவில்லை. அன்புள்ள என்று எழுதி, அதற்குக் கீழே காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினேன்.

நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக நான் எதையும் பார்த்ததில்லை. உங்களிடம் சொல்ல முடிகிறது. அவளுக்கு எழுத இன்னும் முடியவில்லை.